அத்தை கல்யாணத்துக்கு வந்த மெக்கானிக்

எங்கள் வீட்டில் நடந்த எல்லாக் கல்யாணங்களையும் பற்றி ஏதாவது ஒரு குறை பேச்சில் வந்துவிடும். ஒன்றில் சாம்பார் தீய்ந்தது, ஒன்றில் மேளக்காரர்கள் பாதியில் கோபித்துக்கொண்டு போனார்கள். அத்தையின் கல்யாணத்தைப் பற்றி மட்டும் பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில், "ஒரு கொறையும் இல்லாம நடந்துது" என்பார்கள். வழியில் என்னவோ ஆயிற்றாமே என்று யாராவது கிளறினால், "வழியில இன்னா? ஒண்ணும் நடக்கல" என்று பதில் வரும். எங்கள் பக்கத்தார், மாப்பிள்ளை பக்கத்தார் இரண்டு பேரும் சொல்லிவைத்தாற்போல் இதையேதான் சொல்வார்கள். நான் அத்தையை ஏற்றிப்போன வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவள். வழியில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்துக்கு அடுத்தாற்போல் இருந்தது. அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. எனக்கு அப்போது ஒன்பது வயது, அத்தைக்கு இருபத்தாறு. அந்த நாளில் இருபத்தாறு வயதாகியும் கல்யாணமாகாத பெண் என்றால் ஊரே குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசும். அத்தையிடம் ஒரு குறையும் கிடையாது. சகுனம்தான் அவளோடு ஒத்துப்போகவில்லை. முதலில் பெண் பார்க்க வந்தவர்களுக்கு எங்கள் தெருமுனையில் விறகுக்கட்டு எதிரே வந்ததாம், அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். இரண்டாவது இடத்தில் தட்டு மாற்றிய அதே வாரம் மாப்பிள்ளையின் தாத்தா செத்துப்போனார். மனிதர் தொண்ணூறைத் தாண்டி வருஷக்கணக்கில் கட்டிலோடு கிடந்தவர். அவருடைய வயதை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, பழியெல்லாம் அத்தையின் தலையில்தான் விழுந்தது.

மூன்றாவதாக அமைந்ததுதான் வாலாஜாபாத்துக்குப் பக்கத்துக் கிராமத்துச் சம்பந்தம். மாப்பிள்ளைக்கு மெட்ராஸ் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை. அப்பா போகிற இடமெல்லாம் "கம்பெனி மாப்பிள்ளை" என்று சொல்லிச் சொல்லி, எனக்கு அவரே ஒரு கம்பெனியாகத் தெரிய ஆரம்பித்திருந்தார். மேஜை, தலைக்கு மேலே மின்விசிறி, சட்டைப்பையில் இரண்டு பேனா, இவ்வளவையும் நானே அவருக்குக் கொடுத்திருந்தேன். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று எனக்குக் கடுங்காய்ச்சல். உள்ளறையில் போர்த்திக்கொண்டு படுத்தபடி சிரிப்புச் சத்தத்தை மட்டும் கேட்டேன், முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும். முதல் நாள் பிற்பகல் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணை அழைத்துப்போவார்கள். இதில் சட்டதிட்டங்கள் ஏராளம். அன்று காலையிலேயே பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அவரவர் வீட்டில் நலங்கு வைத்து, மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டிவிடுவார்கள். காப்புக் கட்டிய மாப்பிள்ளை தாலி கட்டி முடிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பெண் தாண்டித்தான் ஆகவேண்டும், ஆனால் மாப்பிள்ளை ஊர் எல்லையில் ஆரத்தி எடுக்கும்வரை அவள் வழியில் எங்கேயும் மண்ணை மிதிக்கக் கூடாது. இதில் எது தவறினாலும் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாததனாலேயே எல்லோருக்கும் பயம் அதிகம்.

அத்தையை ஏற்றிப்போக சித்தப்பாவின் பிக்கப் வண்டிதான் தயாரானது. மெட்ராஸில் ஏலத்தில் எடுத்த, வெள்ளைக்காரன் காலத்து வண்டி. முன்னால் நீளமாக ஒரே சீட்டு, பின்னால் திறந்த தொட்டி. சாதாரண நாளில் அது ஸ்ரீபெரும்புதூர் சந்தைக்குக் கத்தரிக்காய் மூட்டை ஏற்றும். சித்தப்பாவுக்கு அதுதான் பெண்டாட்டி, பிள்ளை எல்லாம். ஓட்டுகிறவர் காலடித் தகட்டில் துரு அரித்து உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியே ரோடு ஓடுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டு போவதில் எனக்கு ஒரு சினிமா பார்த்த திருப்தி கிடைக்கும்.

அன்றைக்கு வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டிருந்தார்கள். முன்சீட்டில் சித்தப்பா, அவர் பக்கத்தில் இடுக்கிக்கொண்டு தோழிப்பெண்ணாக நான், பிறகு அத்தை, ஜன்னலோரம் மாப்பிள்ளையின் அக்கா. பின்னால் தொட்டியில் சீர்த்தட்டுகளோடு அப்பாவும், மாப்பிள்ளையின் பெரியப்பாவும். அம்மாவும் மற்ற உறவுக்காரர்களும் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. விளக்கு வைப்பதற்குள் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்று சொல்லி வெயில் தாழுமுன்பே கிளப்பினார்கள்.

மாப்பிள்ளையின் அக்கா வழிநெடுக ஒரு கோயிலையும் விடவில்லை. சின்ன வயதில் தாயோடு சேர்ந்து தம்பியைத் தூக்கி வளர்த்தவளாம், அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று எல்லாச் சாமிக்கும் ஒரு கற்பூரம் வைத்திருந்தாள். ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒன்று, அதைத் தாண்டி ஒரு அம்மன் கோயிலில் ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, தட்டில் கற்பூரம் ஏற்றி, வண்டிக்கும் பெண்ணுக்கும் சுற்றி, அந்தக் கற்பூரத்தைச் சக்கரத்தின் முன்னால் தரையில் போட்டுவிட்டு ஏறுவாள். கடைசியாக, மாப்பிள்ளை ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போது, ஏரிக்கரைப் பிள்ளையார் முன்னால் நிறுத்தச் சொன்னாள்.

எனக்குப் பெட்ரோல் வாசனை ரொம்பப் பிடிக்கும். அன்று கொஞ்ச நேரமாகவே அது வழக்கத்தைவிட நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்காகச் சித்தப்பா புதுப் பெட்ரோல் போட்டிருப்பார் என்று நினைத்து மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். வண்டி நின்றதும் வழக்கம்போல் ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தேன். கீழே மண் நனைந்திருந்தது. "சித்தப்பா, வண்டி ஒண்ணுக்குப் போவுது," என்றேன்.

சித்தப்பா என்னைத் திட்ட வாயைத் திறந்தார். அதற்குள் வாசனை அவர் மூக்கிலும் ஏறியிருக்க வேண்டும். வண்டிக்கு முன்னால் மாப்பிள்ளையின் அக்கா தட்டில் கற்பூரத்தை வைத்து, தீக்குச்சியைக் கிழித்துவிட்டிருந்தாள். சித்தப்பா கதவை உதைத்துத் திறந்துகொண்டு பாய்ந்தார். தட்டின் மேல் அப்படியே கவிழ்ந்து, 'பூ' என்று ஒரே ஊதாக ஊதி அந்தக் குச்சியை அணைத்துவிட்டார். அணைத்த பிறகுதான் "நெருப்பு வெக்காதீங்க" என்று சொன்னார்.

சாமிக்கு ஏற்றப்போன நெருப்பை வாயால் ஊதி அணைப்பது என்பது எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில்கூடச் செய்யாத காரியம். அதுவும் பெண் அழைப்பில், பிள்ளையார் முன்னால், பெண்ணின் அண்ணனே செய்வதென்றால் கேட்கவா வேண்டும். அந்த அம்மாள் அணைந்த குச்சியும் கையுமாக நின்றாள். பின்னாலிருந்து இறங்கி வந்த அப்பா பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நல்லவேளை ஊதினாரே, இல்லாவிட்டால் நாங்கள் எல்லோரும் அங்கேயே கற்பூரமாகியிருப்போம் என்ற நினைப்பு யாருக்கும் வரவில்லை.

சித்தப்பா வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தார். சீட்டுக்குப் பின்னாலிருக்கும் டாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற செம்புக் குழாயில் விரிசல். சொட்டுச்சொட்டாக இல்லை, நூல் பிடித்தாற்போல் ஒழுகிக்கொண்டிருந்தது. "சோப்பு இருந்தா அடைச்சிடலாம்ணா," என்று அடியிலிருந்து குரல் கொடுத்தார். பெட்ரோலுக்குச் சோப்பு கரையாது, சின்ன ஓட்டைக்கு லாரிக்காரர்கள் அதைத்தான் குழைத்து அப்புவார்கள். ஆனால் அந்த ஏரிக்கரையில் சோப்பு இருந்த ஒரே இடம் சீர்த்தட்டு. கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பாவுக்கு நடுவில் சந்தன சோப்பு ஒன்று சரிகைக் காகிதத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. அப்பா நாலு பக்கமும் பார்த்துவிட்டு அதை எடுத்துக் கொடுத்தார். நாலு பக்கமும் பார்த்தவர் அந்த அம்மாள் நின்ற பக்கத்தை எப்படித்தான் விட்டாரோ தெரியவில்லை.

சந்தன சோப்பு கொஞ்ச நேரம் தாங்கியது. எஞ்சினைக் கிளப்பிய உதறலில் அடைப்பு பொத்தென்று விழுந்தது. மறுபடி ஒழுகியது, இந்தத் தடவை வாசனையோடு.

"நெருப்ப ஊதி அணைச்சாச்சு. சீர்த்தட்டுல கையும் வெச்சாச்சு," என்றாள் மாப்பிள்ளையின் அக்கா. அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் பரவாயில்லை. "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா பந்தல்லயே நிறுத்திடுவாங்க. நான் இன்னான்னு போயி சொல்றது? பேசாம வண்டிய திருப்பிகினு வூட்டுக்குப் போங்க. நல்ல நாளா பாத்து அப்புறம் பேசிக்கலாம்."

நல்ல நாளாகப் பார்த்து அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்பதற்கு அர்த்தம் எனக்கே தெரியும். முன்னால் இரண்டு தடவையும் இதே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அம்மா, அப்படிச் சொல்லாதீங்கம்மா, ஒரு மாட்டு வண்டி கொண்டாந்துடலாம்மா," என்று கெஞ்சினார். பாதி வழியில் பெண்ணை வண்டி மாற்றி ஏற்றுவது அதைவிடக் கெட்ட சகுனம் என்று அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

அத்தை என் கையைப் பிடித்திருந்தாள். வளையல் என் மணிக்கட்டில் அழுந்தியது. "இந்த வண்டி ஊருக்குத் திரும்புச்சின்னா நான் வரமாட்டேன். இங்கியே ஏரிக்கரையில குந்திக்குவேன்," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். ஏரியில் தண்ணீர் தளும்பிக் கிடந்தது, நாரையெல்லாம் இருந்தது. நானும் உன்னோடு குந்திக்கொள்கிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் புரிந்தது.

அப்போது மாப்பிள்ளையின் பெரியப்பா, "அவசரப்படாதீங்க. ஒரு மெக்கானிக்கு இட்டாரேன்," என்று சொல்லிவிட்டு, அந்த வழியாக வந்த வைக்கோல் லாரியை மறித்து ஏறிக்கொண்டார். போய்ச் சேர அதிக நேரம் ஆகியிருக்காது. திரும்பி வந்தபோது ஒரு சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி முகத்தை வைத்திருந்தார்.

"மெக்கானிக்கு," என்றார் இறங்கியதும். யாரும் எதுவும் கேட்காமலே, "வாலாஜாபாத்து மெக்கானிக்கு," என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

கைலி, அழுக்குப் பனியன், தலையில் முண்டாசு, தோளில் ஒரு பை. வலது மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தார். பாவம், கையில் அடிபட்டிருக்கிறது, அதோடு வேலைக்கு வந்திருக்கிறாரே என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் அக்கா அவரைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள், அப்புறம் மூடிக்கொண்டாள். அப்பா பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்த துண்டு நழுவுவதுகூடத் தெரியாமல் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "வாங்க, வாங்க மா..." என்று ஆரம்பித்தவர், பெரியப்பா கனைத்ததும், "வாங்க மெக்கானிக்," என்று முடித்தார். எங்கள் அப்பா மணியக்காரர் வந்தால்கூடக் கையைத் தூக்காதவர். இப்போது ஒரு மெக்கானிக்கைக் கும்பிடுகிறாரே, வண்டி நின்றுபோனால் மனிதருக்கு எவ்வளவு பணிவு வந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றியது.

மெக்கானிக் யாருக்கும் பதில் வணக்கம் சொல்லவில்லை. வண்டியைச் சுற்றிப் பார்த்தவர், முன்சீட்டில் அத்தை உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் கோபமாகிவிட்டார். "இன்னா இது? பெட்ரோல் ஒழுகுது, உள்ள பொண்ண குந்தவெச்சிகினு நிக்கறீங்க. மொதல்ல எறக்குங்க."

"மண்ண மிதிக்கக்கூடாதே," என்றாள் மாப்பிள்ளையின் அக்கா. அவள் குரல் என்னவோ இப்போது பாதியாகத்தான் வந்தது.

"அப்ப பாய விரிங்க," என்றார் அவர்.

சீரில் வந்த புதுக் கோரைப்பாயை ஏரிக்கரையில் விரித்து, அதன்மேல் அத்தையை இறக்கினார்கள். பட்டுப்புடவையும் மாலையுமாக அத்தை நடுப்பாயில் உட்கார்ந்தாள், பக்கத்தில் நான். அத்தை ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி மெக்கானிக்கைப் பார்த்தாள். பிறகு தலை குனிந்ததுதான், நிமிரவேயில்லை. பெட்ரோல் வாசனை தலையைச் சுற்றுகிறதா அத்தை என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள்.

மெக்கானிக் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். வெளியே கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பாதமும் மஞ்சளாக இருந்தன. "மெக்கானிக்குக் கால்ல ஏன் மஞ்சள்?" என்று உரக்கக் கேட்டேன். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார், சித்தப்பா பெரியப்பாவைப் பார்த்தார். கடைசியில் பெரியப்பாதான், "சேத்துப்புண்ணு பாப்பா. மஞ்ச பூசிகினு கீறாரு," என்றார். கையிலும் அடி, காலிலும் புண். அந்த மனிதர்மேல் எனக்கு இரக்கம் கூடிக்கொண்டே போனது.

"குழாய கட்டியிருந்த கிளிப்பு எங்கியோ வுழுந்து பூட்ச்சி. சேஸு இரும்பு மேல ஒரசி ஒரசி தேஞ்சிட்ச்சி," என்று அடியிலிருந்து சத்தம் வந்தது. பக்கத்து மரத்திலிருந்து ஒரு வேப்பங்குச்சி கேட்டார். அப்பா ஒரு கிளையையே முறித்துக்கொண்டு ஓடினார். ரம்பத் தகட்டால் குழாயின் கெட்டுப்போன பாகத்தை அறுத்து எடுத்து, டாங்கி பக்கத்து முனையில் வேப்பங்குச்சியைச் சீவிச் செருகி ஒழுக்கை நிறுத்தினார். பையிலிருந்து கெட்டி ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தை மாட்டி, குச்சியைப் பிடுங்கிய மறுகணம் இன்னொரு பக்கத்தையும் மாட்டினார். இரண்டு முனையிலும் கம்பியைச் சுற்றிக் குறட்டால் முறுக்கினார். அவருடைய முழங்கை வழியாகப் பெட்ரோல் வடிந்து பனியனை நனைத்ததைப் பார்த்து மாப்பிள்ளையின் அக்கா, "பாத்து, பாத்து," என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். இனிமேல் உரசாமல் இருக்க நடுவில் வைக்க ஒன்று வேண்டும் என்றபோது சித்தப்பா தன் புதுச் செருப்பைக் கழற்றினார். அதன் அடிப்பக்கத்தில் ஒரு துண்டு அறுத்து, குழாய்க்கும் சேஸுக்கும் நடுவே வைத்துக் கட்டினார்கள். சித்தப்பா அந்தக் கல்யாணம் முழுக்க வெறுங்காலோடு நடந்தார்.

நனைந்த இடத்தில் ஏரி மண்ணை அள்ளிக் கொட்டி, வண்டியை நாலு பேருமாகக் கொஞ்ச தூரம் முன்னால் தள்ளினார்கள். அத்தையைப் பாயோடு கொண்டுபோய் வண்டியில் ஏற்றினார்கள். குழாயில் காற்று புகுந்திருந்ததால் எஞ்சின் லேசில் பிடிக்கவில்லை. சித்தப்பா பானெட்டைத் திறந்து பம்ப்பை அடிப்பதும், முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றுவதுமாக இருந்தார். மறுபடி ஒழுகுகிறதா என்று பார்க்க மெக்கானிக் அடியிலேயே படுத்திருந்தார். அப்போது காலடி ஓட்டை வழியாக அவர் குரல் வந்தது.

"யாராச்சும் ஆக்சிலேட்டர மிதிங்க."

என் கால் எட்டவில்லை. அத்தை நகர்ந்து வந்து, "எது?" என்று ஓட்டையைப் பார்த்துக் கேட்டாள்.

"வலது ஓரத்துல இருக்குது பாருங்க. லேசா."

மருதாணி வைத்த காலால் அத்தை அதை மிதித்தாள். ஓட்டையில் அவருடைய ஒரு கண்ணும் மூக்கும் கொஞ்சம் முண்டாசும் தெரிந்தன.

"போதும். அப்படியே வெச்சிகினு இருங்க," என்றார். சித்தப்பா முன்னால் சுற்றிக்கொண்டிருந்தார், எஞ்சின் இருமிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கழித்து அடியிலிருந்து, "பயமா இருக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றாள் அத்தை.

"எனக்கு இருக்குது."

சீ, இவரெல்லாம் ஒரு மெக்கானிக்கா என்று நினைத்தேன். பெட்ரோலுக்குப் பயப்படுகிறவர் எதற்கு இந்தத் தொழிலுக்கு வரவேண்டும்? அத்தைக்கும் அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். குனிந்து மெதுவாக, "கைக்குட்டை அவுந்துகினு வருது. சரியா கட்டிக்குங்க," என்றாள். ஓட்டைக்கு அடியில் தெரிந்த அவர் மணிக்கட்டில் கைக்குட்டை நழுவி, உள்ளே மஞ்சளாக ஏதோ கயிறு தெரிந்தது. ஏதாவது அம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு கட்டியிருப்பார். அவர் அவசரமாக அதை உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டார்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. வண்டி முழுக்க உதறியது. எல்லோரும் குனிந்து குழாயையே பார்த்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை. "நின்னுட்ச்சி," என்றார் மெக்கானிக். அப்பா அப்பாடா என்று ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா வண்டியின் மூக்கைத் தடவிக்கொடுத்தார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தாற்போல் இருந்தது. ஏரிக்கரையில் குந்துவதைவிடக் கல்யாணச் சாப்பாடு மேல்தானே.

மாப்பிள்ளையின் அக்கா கற்பூரத் தட்டைக் கையில் எடுத்தாள். "அந்தாண்ட போயி ஏத்துங்கக்கா," என்று மெக்கானிக் கையைக் காட்டினார். அவள் தள்ளிப்போய்ப் பிள்ளையார் காலடியில் ஏற்றி, வந்து அத்தைக்குச் சுற்றுவாள் என்று பார்த்தால், மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பனியனில் பெட்ரோலாயிற்றே என்று எட்டவே நிற்கவைத்து அவருக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அவர் தலையில் ஒரு குட்டும் வைத்தாள். நல்ல மனசு, ஒரு மெக்கானிக்குக்குக்கூடத் திருஷ்டி கழிக்கிறாளே என்று நினைத்தேன். குட்டு எதற்கு என்றுதான் விளங்கவில்லை.

அவர் குறுக்கு வழியாக ஏரிக்கரை மேலேயே சைக்கிளை விரட்டிக்கொண்டு போனார். அவர் கண்ணுக்கு மறையும்வரை எல்லோரும் நின்றார்கள். அப்புறம் மாப்பிள்ளையின் அக்கா அப்பாவிடம் வந்தாள்.

"வந்தோம். சாமி கும்புட்டோம். கெளம்பினோம். வழியில ஒண்ணும் நடக்கல."

"ஆமாம்மா," என்றார் அப்பா. "இன்னா நடந்துது? ஒண்ணும் நடக்கல."

"யாரும் நெருப்ப அணைக்கல."

"யாரும் எல்லைய தாண்டியும் வரலம்மா," என்றார் அப்பா, மிகவும் பணிவாக. அந்த அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பெரியப்பா திரும்பிக்கொண்டு மறுபடி கனைத்தார். சித்தப்பா வண்டியை நத்தை மாதிரி ஓட்டினார், வெளிச்சம் போவதற்குள் எல்லையில் மேளமும் ஆரத்தியும் எங்களை எதிர்கொண்டன. பந்தலில் மாப்பிள்ளையின் அம்மா என் கன்னத்தைக் கிள்ளி, வழியெல்லாம் சௌகரியமா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நாலு பெரியவர்கள் ஒன்றாக, ரொம்ப சௌகரியம் என்றார்கள்.

மறுநாள் காலை மணவறைக்கு முன்னால் எனக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்தது. மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். பட்டு வேட்டி, தலைப்பாகை, நெற்றியில் பட்டம். ஆனால் தேங்காயைப் பிடித்திருந்த கையில் நகக்கண்ணெல்லாம் கறுப்பு. முகத்தைப் பார்த்தேன். அதே கண், அதே மூக்கு. கூட்டத்தில் புகுந்து அப்பாவிடம் ஓடி, "அப்பா, மாப்பிள்ளை எடத்துல மெக்கானிக்கு குந்திகினு இருக்காரு," என்றேன்.

"தெரியும். வாய மூடு," என்றார் அப்பா.

தெரியுமா? அப்படியானால் எல்லாம் எனக்குத் தெளிவாகிவிட்டது. கம்பெனி மாப்பிள்ளை, சித்தப்பா நெருப்பை ஊதிய விஷயத்தை எப்படியோ கேள்விப்பட்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் கோபித்துக்கொண்டு மெட்ராஸுக்குப் போயிருக்கிறார். போட்ட பந்தல் வீணாகக் கூடாது என்று பெரியவர்கள் கூடிப் பேசி, நேற்று உதவிய மெக்கானிக்கையே கையில் காலில் விழுந்து உட்காரவைத்திருக்கிறார்கள். அதனால்தான் அப்பா நேற்றே அவரைக் கும்பிட்டு வைத்தார். பாவம் அத்தை. மேஜையும் மின்விசிறியும் இரண்டு பேனாவும் போயே போய்விட்டன. தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாளே, மாப்பிள்ளை மாறிப்போனது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ.

தோழிப்பெண் நான்தான். நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? பின்பக்கமாகப் போய் அத்தையின் முதுகோடு ஒட்டி நின்று, பூவுக்கு நடுவில் காதைத் தேடிப் பிடித்து மெதுவாகச் சொன்னேன்.

"அத்தை, மாப்பிள்ளைய மாத்திட்டாங்க. நேத்து வந்தாரே, அந்த மெக்கானிக்குதான் குந்திகினு இருக்காரு. நீ கவலப்படாத. வண்டி ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவரு, நல்லவரு. கொஞ்சம் பயந்தாங்கொள்ளி, அவ்ளோதான். பெட்ரோலுக்குக்கூட பயப்படுவாரு."

பக்கத்திலிருந்த மாப்பிள்ளைக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவர் கையிலிருந்த தேங்காய் ஆடியது. அத்தையின் தலை இன்னும் குனிந்து, தோள்கள் இரண்டும் குலுங்க ஆரம்பித்தன. நெற்றிச்சுட்டி, மாலை, வளையல் எல்லாமே குலுங்கின. கண்ணிலிருந்து நீர் உருண்டு மூக்கு நுனியில் நின்றது. கூடியிருந்தவர்கள், பிறந்த வீட்டை நினைத்துப் பெண் அழுகிறாள் என்று உச்சுக்கொட்டினார்கள்.

எனக்குத் தெரியும் அவள் எதற்காக அழுகிறாள் என்று. கெட்டிமேளம் முழங்கி, அவர் தாலி கட்டி முடிக்கும்வரை, அழாதே அத்தை, அழாதே என்று அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நின்றேன். தட்டத் தட்ட அவள் இன்னும் அதிகமாகத்தான் குலுங்கினாள்.